நீக்க முடியாத பாட்டு

காலை ஆறு மணிக்கு ஜெபராணியின் காதுக்குள் நாதஸ்வரம் தொடங்கியது. பல் துலக்கும்போது தபேலாவும் சேர்ந்துகொண்டது.

எட்டு வயதில் காய்ச்சலில் காது போனவள் அவள். தூத்துக்குடித் துறைமுக வேலையில் சேர்ந்தபோது நிறுவனமே இலவசமாக, கேட்க வைக்கும் செவிச்சில்லு பொருத்தியது. அதில் ஓடும் மூன்று இசைப்பான் செயலிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மறுபடி கேட்கப்போகிற சந்தோஷத்தில் முதலில் இருந்ததைத் தொட்டாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது பாடிக்கொண்டிருந்தது. ஏழு வருடங்களாகிவிட்டன. ஒலியைக் குறைக்கலாம், நிறுத்த வழியில்லை. நான்கு வயது மகள் ரூபினா ரகசியம் சொன்னால் பாதி வயலினில் மூழ்கிவிடும்.

கப்பல் கணினிகளைப் பழுதுபார்க்கும் தோழி மும்தாஜ் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சில்லைத் தன் மடிக்கணினியோடு இணைத்தாள்.

“உள்ள ஓடுறது லினக்ஸுதான் ஜெபா, எந்தப் புரோகிராமையும் மாத்திக்கலாம். வேற பாட்டு பிளேயர் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். கேட்டாத்தான் பாடும், இல்லன்னா கம்முன்னு கெடக்கும்.”

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது; ரூபினா அடுப்படியில் விளையாடிக்கொண்டிருந்தாள். புதியதை நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழையதை நீக்கும் கட்டளையைத் தட்டியதும் மும்தாஜின் கை நின்றது. திரையில் எழுதியிருந்தது: ‘இத்துடன் இவையும் நீக்கப்படும்: கேட்பு இயக்கி, பேச்சுப் பிரிப்பான்.’

“பாட்டு மேலதான் கேக்குறதையே கட்டி வச்சிருக்கானுவ. இத எடுத்தா காதும் போயிரும். திருப்பிப் போடணும்னா கம்பெனி சர்வர்லேர்ந்துதான் எறக்கணும், அவனுவ விடமாட்டானுவ.”

ஜெபராணி திரைக்கருகே குனிந்து அந்த வரியைப் படித்தாள். “கொஞ்ச நேரம் நிறுத்திப் பாக்க முடியுமா?”

“ஒரு நிமிசம். அப்புறம் அதுவா எந்திச்சிரும்.”

“நிறுத்து.”

எல்லாம் அடங்கியது. மின்விசிறி ஓசையில்லாமல் சுற்றியது. தோள்கள் தளர, அவள் கண்களை மூடிக்கொண்டாள். யாரோ பலமாக உலுக்கியபோதுதான் திறந்தாள். மும்தாஜ் அடுப்படியைக் காட்டினாள். அங்கே கையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள் ரூபினா. தரையில் கொதிக்கும் பால்.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக் குழாயடியில் கையை நீட்டிப் பிடிக்கும்போது ஒலி திரும்பியது. அழுகையும் பாட்டும் ஒன்றாக வந்தன.

“எத்தனை வாட்டி கூப்பிட்டேன்,” என்று விம்மினாள் ரூபினா.

ஜெபராணி தோழியைத் திரும்பிப் பார்த்தாள். “அத மூடிரு மும்தாஜ். இப்பிடியே இருக்கட்டும்.”

குழந்தை அழுவதை உணர்ந்த இசைப்பான் ஜெபராணியின் காதுக்குள் மெல்லிய தாலாட்டுக்கு மாறியது. ரூபினாவின் விம்மல் மெதுவாக நின்றது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“எனக்கு வலிக்குது. நீ எதுக்கும்மா தலைய ஆட்டுற?”