பன்னிரண்டு இலக்கம்

"அந்த டம்ளரைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? உனக்குன்னுதான் தனியா ஒண்ணு வச்சிருக்குல்ல!"

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. மலர்க்கொடி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மூன்று மணியிலிருந்து அடுப்பின் முன்னால் நின்றவள், ஒரு வாய் காப்பி குடிக்கத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

"மறந்துட்டேன் அண்ணி..."

"மறப்பே! சாத்தானுக்குக் கைநாட்டு வச்சவளுக்கு எல்லாம்தான் மறக்கும். நாளைக்கு சபைக்கு ரொட்டி எடுத்து வச்சியா?"

"வச்சுட்டேன் அண்ணி."

அதட்டிய சாராள் அவளுடைய கணவன் ஆசீரின் அக்கா. விதவையாகித் தம்பி வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். வந்த அன்றே வீட்டுச் சாவி அவள் இடுப்புக்குப் போய்விட்டது. வீட்டு டம்ளரைத் தொடக் கூடாத கை சபை ரொட்டியை மட்டும் பிசையலாமா என்று மலர்க்கொடி ஒரே ஒரு முறை கேட்டதுண்டு. "மாவைத்தானே நீ பிசையுறே? ஆசீர்வதிக்கிறது நாங்கதானே!" என்று பட்டென்று பதில் வந்தது.

உறையூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பேக்கரி. செங்கல் அடுப்பு. இப்படிப்பட்ட அடுப்பில் ரொட்டி நெருப்பில் வேகுவதில்லை. முதலில் விறகை உள்ளேயே போட்டு இரண்டு மணி நேரம் எரிய விட வேண்டும். செங்கல் சூட்டைக் குடித்துக்கொள்ளும். பிறகு தணலை வெளியே வாரிவிட்டு, ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் தூவிப் பார்க்க வேண்டும். உடனே கருகினால் சூடு அதிகம். மெதுவாகப் பொன்னிறமானால் தட்டுகளை உள்ளே தள்ளலாம். அந்தக் கணக்கு அந்த வீட்டில் மலர்க்கொடி ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆசீரும் சாராளும் போகும் சபை சின்னது. அறுபது பேர் இருப்பார்கள். கடைசிக் காலத்தில் ஒரு கொடியவன் எழும்பி எல்லோருக்கும் எண் போடுவான், அந்த எண் இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, எண்ணை ஏற்றுக்கொண்டவன் கெட்டான் என்பது அவர்கள் விசுவாசம். அதனால் அரசாங்கம் ஆளுக்கொரு ஆதார் எண் கொடுக்கத் தொடங்கியபோது அறுபது பேரும் அதைத் தொடவில்லை.

உண்மையில் அந்த எண் எப்படி வருகிறது? பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, ஒரு முகம். இவற்றைக் கணினி வாங்கி, இதே ஆள் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கும். இல்லை என்றால் பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கொடுக்கும். அதில் சாதி இல்லை, மதம் இல்லை, ஊரும் இல்லை. கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. முந்தைய பதினொன்றில் ஒன்றைத் தப்பாக அடித்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஆனால் பயந்தவனுக்கு இதை யார் விளக்குவது?

நாலு வருஷத்துக்கு முன்னால் பேக்கரிக்கு உணவு லைசென்ஸ் கட்டாயம் என்று அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் படிவத்தில் ஆதார் எண் கேட்டது. அன்று இரவு ஆசீர் மனைவியின் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"வீட்டுல ஒருத்தர் எடுத்தாப் போதும் மலரு... நான் சீக்கிரம் சபைக்கு மூப்பராகப் போறவன். அக்கா ஜெபக்குழு நடத்துறா. நீ எடுத்துக்கோ. கர்த்தர் உன் இருதயத்தைப் பார்ப்பாரு!"

எடுத்தாள். லைசென்ஸும் அவள் பெயரிலேயே வந்தது.

போன வருஷம் அரிசி டிரம்முக்கு அடியில் அந்த அட்டை சாராள் கையில் சிக்கியது. அடுத்த ஞாயிறே சபை நடுவில் மலர்க்கொடியை நிறுத்தினார்கள். "யார் சொல்லி எடுத்தே?" என்று கேட்டார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் சொல்லல... நானாத்தான் போனேன்."

அன்றிலிருந்து அவளுக்கு இடம் செருப்புகள் கிடக்கும் வாசலோரம். ஆராதனையில் பிட்ட ரொட்டியோடு அப்பத் தட்டு கை மாறி வரும்போது அவளைத் தாண்டிப் போய்விடும். சாராள் அட்டையை அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள். எரிந்தது வெறும் அட்டைதான். எண் எங்கோ ஒரு கணினியில் பத்திரமாக இருந்தது.

இதையெல்லாம் மலர்க்கொடி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. நாளை அவள் மகள் யாழினிக்குக் கொள்ளிடத்தில் ஞானஸ்நானம். முழுகி எழுந்து கரைக்கு வரும் பிள்ளையைப் பெற்றவள்தான் வெள்ளைத் துணியால் போர்த்தி அணைக்க வேண்டும். அது சபை வழக்கம். "அந்த இடத்துல நான் நிப்பேன். இவ மணல் மேட்டைத் தாண்டி வரக்கூடாது" என்று சாராள் சொல்லிவிட்டாள்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆசீர் வந்து நின்றான்.

"மலரு... லைசென்ஸ் இன்னையோட முடியுதாம். புதுப்பிக்கணும். உன் நம்பர் வேணும்."

"எந்த நம்பருங்க? அண்ணி கொளுத்தினாங்களே, அதுவா?"

"அது சபை விஷயம், இது கடை விஷயம்! ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றாள் சாராள்.

மலர்க்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள். "வரேன். ஆனா நாளைக்கு ஆத்துல யாழினி பக்கத்துல நான் நிக்கணும். அதுக்கு நீங்க சபையில ஒரு வார்த்தை சொல்லணும்... உங்களுக்குத் தெரியும் எந்த வார்த்தைன்னு."

அவன் முகம் வெளுத்தது. "சொல்றேன்... சொல்றேன். பத்து மணிக்குக் கிளம்பு."

எந்த வார்த்தை என்று சாராள் குடைந்து குடைந்து கேட்டாள். ஆசீர் பேச்சை மாற்றினான், மலர்க்கொடி அடுப்புக்குத் திரும்பினாள்.

கம்ப்யூட்டர் சென்டருக்கு யாழினியும் கூட வந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். அங்கே இருந்த நிஷா பழைய ஆள், பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கக்கா! சார், அன்னைக்கு மாதிரி இன்னைக்கும் சுவத்தைப் பாத்துதான் நிப்பீங்களா?"

"எந்த அன்னைக்கு?" என்றாள் யாழினி.

"நாலு வருஷம் இருக்கும். அக்கா வேணாம் வேணாம்னு அழுவுறாங்க, சார்தான் கையைப் புடிச்சு ஆதார் மெஷின்ல வச்சாரு. வச்சுட்டு அப்படியே திரும்பி நின்னுக்கிட்டாரு!"

யாழினி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா... அம்மா தானாப் போய் எடுத்தாங்கன்னுதானே சொன்னீங்க?"

"ஏய், பெரியவங்க விஷயம். நீ சும்மா இரு."

நிஷா படிவத்தைத் திறந்தாள். அடையாளச் சான்று என்ற கட்டத்தில் ஆதார் என்று இருந்தது; அதன் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. யாழினி மவுசை வாங்கி அதை அழுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு வரிசை இறங்கியது. வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ்...

"இதுல எது இருந்தாலும் போதுமாக்கா?"

"ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். அப்பவும் இதே லிஸ்ட்தான். சார் ஆதார் ஆதார்னு அவசரப்பட்டாரு, நானும் போட்டுட்டேன்."

ஆசீரின் சட்டைப் பையில், ரொட்டி வேன் ஓட்ட அவன் எடுத்த பழைய டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. அன்றும் இருந்தது. எண் இல்லாவிட்டால் விற்க முடியாது என்று இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அந்த நாள் வந்துவிட்டது என்றே நம்பினான். வேறு வழி உண்டா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அவன் அழுவான் என்று மலர்க்கொடி எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் வெளிச்சம்தான் வந்தது.

"அப்படின்னா... லைசென்ஸை என் பேருக்கே மாத்திடலாமே! ஸ்தோத்திரம்! கடையும் சுத்தமாயிடும். உன் நம்பரே வேணாம் மலரு!"

"நாளைக்குச் சொல்றேன்னீங்களே?" மலர்க்கொடி கேட்டாள்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நல்ல நாள் அதுவுமா குழப்பம் வேணாம். அக்காவே துணியைப் போர்த்தட்டும்..."

மலர்க்கொடி அந்த அம்புக்குறியைப் பார்த்தாள். பிறகு நிஷாவிடம் கேட்டாள்.

"பேரை மாத்தணும்னா யாரும்மா கையெழுத்துப் போடணும்?"

"நீங்கதான் அக்கா. உங்க பேர்லதானே இருக்கு."

"அப்ப என் பேர்லயே புதுப்பிச்சிடும்மா."

அவளுடைய போனுக்கு ஆறு இலக்க ஓடிபி வந்தது. அவளே வாசித்தாள், ஒவ்வொன்றாக, நிதானமாக.

மறுநாள் காலை கொள்ளிடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. ஸ்ரீரங்கத்துக் கரையில் சபையார் பாடிக்கொண்டு நின்றார்கள். மலர்க்கொடி தூரத்தில் மணல் மேட்டில் தனியாக நின்றாள். சாராள் வெள்ளைத் துணியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

மூப்பர் மருதை எழுபது வயதுக்காரர். அவர் யாழினியைத் தண்ணீருக்குள் அழைத்துப் போனார். முழுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "இல்லை ஐயா" என்று சொன்னதும் மல்லாக்கச் சாய்த்து முழுக்கி எடுப்பார்.

"மகளே, உன் மனசில் மறைச்சு வச்சது ஏதாவது உண்டா?"

"உண்டு ஐயா."

பாட்டு நின்றது.

"எங்கம்மா தானாப் போய் அந்த நம்பரை எடுக்கல. எங்கப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. அம்மா கையைப் புடிச்சு மெஷின்ல வச்சாரு. சபையில கேட்டப்போ வாயை மூடிக்கிட்டாரு... அம்மா அவருக்காகப் பொய் சொன்னாங்க! எங்கம்மா பக்கத்துல வந்து நிக்காம நான் முழுக மாட்டேன்!"

"பொய்!" என்று கத்தினாள் சாராள். "டேய் ஆசீரு, சொல்லுடா பொய்யின்னு!"

ஆசீர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். "உண்மைதான்க்கா... நான்தான்... நான்தான் பாவி!" என்று முகத்தில் அறைந்துகொண்டு அழுதான்.

சாராளின் கையிலிருந்து துணி நழுவியது. ஆனாலும் அவள் வாதத்தை விடவில்லை. "யார் சொன்னா என்ன? எடுத்தது எடுத்ததுதானே!"

மூப்பர் தண்ணீரில் நின்றபடியே அவளைப் பார்த்தார். "போதும் சாராள். துணியை எடுத்து அந்த அம்மாகிட்ட கொடுங்க."

அவள் கொடுக்கவில்லை. மலர்க்கொடியே வந்து, மணலை உதறி, எடுத்துக்கொண்டாள். யாழினி முழுகி எழுந்து ஓடி வந்து அம்மாவின் மேல் விழுந்தாள். இருவரும் நனைந்து, இருவரும் அழுது, துணி யாரைப் போர்த்தியிருக்கிறது என்றே தெரியவில்லை.

மூப்பர் கரையேறி வந்தார். "அம்மா... நாங்க விசாரிக்காமத் தீர்த்துட்டோம். இன்னைக்கு அப்பம் பிட்கும்போது முன்னால வந்து உக்காருங்க."

"நாற்பத்தொன்பது வாரம் தட்டு என்னைத் தாண்டிப் போச்சு ஐயா. இப்போ பசி இல்ல."

ஆசீர் தவழ்ந்தபடி அவள் காலருகே வந்தான். "வீட்டுக்கு வா மலரு... இனிமே யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டாங்க..."

"வீட்டுக்கு வரலைங்க. பேக்கரி மாடி ரூம்ல நானும் இவளும் இருந்துக்கறோம். லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. அடுப்பு எப்பவும் போல எரியும்."

"அப்ப... நான்?"

மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"நாளைக்குக் காலையில மூணு மணிக்கு வாங்க. மாவு பிசைய ஆள் வேணும்."