அவர்கள் கொடுத்த கால்

அப்போதெல்லாம் அவளிடம் ஒரே ஒரு குடைதான் இருந்தது... கம்பி வளைந்த நீலக் குடை. பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றவனை அவள்தான் கூப்பிட்டாள். முன்பின் தெரியாத ஆள். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் கழுவி எடுத்த மாதிரி அத்தனை தெளிவு.

"பாதிக் குடைதான் விரியும்... பரவாயில்லையா?"

"முழுசா நனைஞ்சவனுக்குப் பாதியே அதிகங்க."

சிரித்தபடி நடந்தவர்கள் ஒரே வாசலில் போய் நின்றார்கள். போரில் காயம்பட்ட வீரர்களுக்கான இல்லம். அவள் அங்கே பிசியோதெரபிஸ்ட். அவன் யாரென்று கூட்ட அறையில்தான் தெரிந்தது... கண்ணிவெடி தயாரிக்கும் கம்பெனியின் அதிகாரி. செயற்கைக் கால்களை நன்கொடையாகத் தர வந்திருந்தான். வாசலில் கம்பெனியின் பெயர்ப்பலகை வைக்க வேண்டுமாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை எடுத்தவர்களே கால் கொடுத்து நல்ல பெயர் வாங்குவதா என்று கேட்டாள். காலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு உன் ரோஷம் நடை பழக்குமா என்று இல்லத்தின் செயலாளர் கடிந்துகொண்டார். வீரர்களில் மூத்தவர், அந்தப் பலகைக்குக் கீழே நடப்பதைவிட ஊன்றுகோலே மேல் என்றார். நன்கொடை வேண்டாமென்று முடிவானது. அவன் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

வெளியே ஈரப் படியில் அவனுக்குச் சறுக்கியது. கோபத்தை மறந்து ஓடிப்போய்த் தாங்கினாள். முழங்காலுக்குக் கீழே அவள் கையில் தட்டுப்பட்டது சதை இல்லை.

"நீங்களுமா... உள்ளே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இரக்கப்பட்டுச் சம்மதிச்சிருப்பீங்க. நீங்க கேட்டது நியாயம். நான் என்னையே கேட்டுக்கப் பயந்த கேள்வி. இந்தக் கால், இந்த வேலை... ரெண்டும் அந்தக் கம்பெனிக்காரங்க கொடுத்ததுதான்."

கால் சரியாகப் பொருந்தவில்லை, வியாழக்கிழமை வந்து காட்டுங்கள் என்று மட்டும் அவள் விறைப்பாகச் சொன்னாள்.

வந்தான். அடுத்த வியாழனும் வந்தான். வேலையை விட்டு ஓர் அச்சகத்தில் சேர்ந்ததைக்கூடப் போகிற போக்கில்தான் சொன்னான். நன்கொடை கேட்டு இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கால்கள் வந்து சேர நெடுநாள் பிடித்தது. காத்திருந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு உறுத்தும். அவன் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த மௌனத்தின் இதம் இத்தனை வருடம் கழித்தும் அவளுக்கு மறக்கவில்லை...

மூத்தவர் கடைசி ஆளாகக் கால் மாட்டி நடந்துபோன மாலை, காலியான சிகிச்சை அறையில் அவன் தயங்கித் தயங்கி நின்றான்.

"ஒண்ணு சொல்லணும்... என் கால் சரியாகி ரொம்ப நாளாச்சு. உங்களைப் பார்க்கத்தான் வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் முகம் சிவந்தது.

"தெரியும்... சரி பண்ணினவ நான்தானே? தெரிஞ்சும் அடுத்த வாரமும் வாங்கன்னு ஏன் சொன்னேன்னு நினைக்கறீங்க?"