எழுதி வைத்த ஆள்

காலை ஆறரைக்கு இன்பாஸ் எழும்பினான். பல் துலக்கினான். குசினி அடுப்பில் கேத்தலில் தண்ணீர் வைத்தான். பாண் இரண்டு துண்டு, பால் விடாத பிளேன்ரீ ஒன்று. துறைமுகப் பக்கம் கப்பல் ஊதியது. மேசையில் சஜீத் தந்த தாள் கிடந்தது. நேற்று வெறுமையாயிருந்த ஒரு வரி நிரம்பியிருந்தது.

மனைவி: இறந்துவிட்டாள். மென்மையானவள்.

கையெழுத்தல்ல. அச்சு.

நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைத்து, தாயக்கட்டை உருட்டி ஆடும் விளையாட்டுக்கான தாள் அது. "சுஹைரா மௌத்தாகி மூணு மாசம். நீ விளையாட ஒரு ஆளையும் உண்டாக்கல்ல மச்சான்," என்றிருந்தான் சஜீத். "எழுதி வெச்ச ஆளொண்டு தாறன். என்ன கதைக்கிறதெண்டும் உள்ளுக்கே இரிக்கி. வந்து குந்தினாக் காணும், வேற ஒண்டும் வேணா."

அவன் மனைவி சுஹைரா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவளும் கூட இருந்து ஆடியவள்; தன் ஆளைத் தானே உண்டாக்குகிறவள். "மத்தவன் எழுதின ஆளா நான் குந்த மாட்டன்" என்பாள். மென்மையானவளாம்!

அவனைத் தவிர ஆளில்லாத வீட்டில், குசினிக்குள் யாரோ கூட்டினார்கள். ஈர்க்குமாறு சீமெந்துத் தரையில் மெதுவாக, மிக மெதுவாக, ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப உரசிக்கொண்டிருக்க, நனைந்த காகிதமும் மையும் கலந்த வாடை கதவிடுக்கால் கசிந்து பாணின் மணத்தை அமுக்கியது. அவன் தாளைப் பார்த்தான். அடுத்த வரி தானாக அச்சாகிக்கொண்டிருந்தது.

அவன் மண்டியிடுகிறான்.

முழங்கால்கள் மடிந்தன. அவன் மடக்கவில்லை.

அவன் அழுகிறான்.

மூன்று மாதமாக வராத கண்ணீர். அவனுடையதல்ல.

அவள் இறுதியாகச் சொன்னது: "நான் இல்லாவிட்டாலும் நீங்கள் சந்தோசமாக வாழ வேண்டும்."

கூட்டும் சத்தம் நின்றது. குசினி வாசலில் சுஹைராவின் முகம். கோணாத புன்னகை; அவளுடையது ஒரு பக்கம் கோணும். உதடுகள் அந்த வரியைச் சொல்லத் தொடங்கின. அவளுடைய குரலேதான். அது காதில் ஏற ஏற, ஆஸ்பத்திரி வாட்டில் அவள் உண்மையில் சொன்னது, ஒவ்வொரு சொல்லாக, அவன் நினைவிலிருந்து கழன்றுகொண்டிருந்தது.

"அவளுக்கு இப்படிக் கதைக்கத் தெரியா," என்றான். "நீ ஆர்?"

மண்டியிட்டபடியே மேசைக்குக் கை நீட்டிப் பேனையை எடுத்தான். அந்த வரியின்மேல் அழுத்திக் கோடு இழுத்தான்.

வாசலில் நின்றவளின் முகத்தில், கன்னத்திலிருந்து கன்னம்வரை, வாயைக் குறுக்கே வெட்டிக் கறுப்புக் கோடு விழுந்தது. மை வழிந்தது. கோட்டுக்கடியில் உதடுகள் இன்னும் அசைந்தன. ஓர் அடி வைத்தாள். இன்னொன்று.

அவன் நிமிரவில்லை. எழுதினான். சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பி அவள் சொன்னதை. எழுதி, உரக்க வாசித்தான்.

"எண்ட செருப்பக் கட்டிலுக்குக் கீழ வுட்டுட்டு வராதீங்க. ஆராச்சும் மாட்டிட்டுப் போயிருவாளுகள்."