ஏஞ்சலினின் ஒரே படம்

திரை முழுக்கக் கோடுகள் ஓடின. குழந்தையின் படத்தின் மேல் மட்டும் ஒன்றுகூட ஓடவில்லை.

இனிகோ முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது கிராபிக்ஸ் கார்டு என்றாலே வம்புதான். பழைய கார்டு போன வாரம் கருகிப்போனது. மதுரையில் வாங்கி வந்த புதியதோ, மாட்டிய நிமிடத்திலிருந்து பச்சையும் ஊதாவுமாகத் திரையெங்கும் தெளித்துக்கொண்டிருந்தது. அவன் படத்தை மவுஸால் பிடித்து இடது ஓரத்துக்கு நகர்த்தினான். கோடுகள் விலகி வழிவிட்டன. வலது ஓரத்துக்கு நகர்த்தினான். அங்கேயும் விலகின. சாக்பீஸ் மருந்தால் வட்டம் போட்ட இடத்தை எறும்புகள் சுற்றிக்கொண்டு போகுமே, அப்படி ஏஞ்சலினை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின.

2003ஆம் ஆண்டு அது. திண்டுக்கல்லில் பேகம்பூர் போகும் சாலையை ஒட்டிய சந்தில் இனிகோவின் கடை. ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், நண்பன் அழகுராஜா உதிரியாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும்தான் பிழைப்பு. ஆனால் ரெட்டியார்சத்திரத்திலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள் என்றால் அது வேறொரு வேலைக்காக. உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொள்ளாதவர்களின் கண்ணை, செத்த பிறகு எடுத்த படத்தில் திறந்து வைப்பான். மூக்குப் பஞ்சை எடுத்து, தாடைக்கட்டை அழித்து, தம்பியின் கண்ணையோ மகனின் கண்ணையோ வெட்டி ஒட்டினால் போனவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஊரார் பிணங்களுக்கெல்லாம் கண் திறந்தவன் இன்று பெற்ற மகள் ஏஞ்சலினுக்குத் திறக்க உட்கார்ந்திருந்தான். எந்தத் தகப்பனுக்கும் இந்த வேலை வரக்கூடாது.

வேளாங்கண்ணியில் மொட்டை போடும்வரை பிள்ளையைப் படம் எடுக்கவே கூடாது, கண் பட்டுவிடும் என்று அவன் மனைவி டெய்சி ஒற்றைக்காலில் நின்றாள். பதினோராவது மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரே ராத்திரி. பெட்டியை மூடும்முன் இனிகோ எடுத்த இந்த ஒரு படம்தான் பாக்கி. நாளை முப்பதாம் நாள் பூசை.

"அவ கண்ணத் தொறந்து பாக்குற மாதிரி ஒரே ஒரு படம் போட்டுக் குடுங்க" என்று காலையில் டெய்சி கேட்டிருந்தாள். "வேற ஒண்ணும் கேக்கல நான்."

அழகுராஜாவுக்குப் போன் போட்டான். கோடுகளைப் பற்றிச் சொன்னான். கோடுகள் விலகுவதைச் சொல்லவில்லை.

"டிரைவர் சரியில்லப்பு" என்றான் அழகுராஜா. "எந்த நெறத்த எங்க காட்டணும்னு கார்டுக்குச் சொல்ற புரோகிராமே அதுதான். பழச மொத்தமா நீக்கிட்டு, நான் குடுத்த சிடியில புதுசு இருக்கு, அதப் போடு. மூணு தினுசு இருக்குலே. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கேக்கும்."

ஞாயிறு பிற்பகல். சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பாதி இறக்கிய ஷட்டரின் கீழே வெயில் கோடாகக் கிடந்தது. தோல் பதனிடும் ஷாப்பின் வாடை வழக்கம்போல் மெல்ல உள்ளே வந்து, சூடான பிளாஸ்டிக் நெடியோடு கலந்து தொண்டையில் நின்றது. பழைய டிரைவரை நீக்கியதும் திரை பதினாறு நிறத்துக்குச் சுருங்கியது. ஏஞ்சலின் திட்டுத்திட்டாகத் தெரிந்தாள். மூடிய இமைகள். வெள்ளைக் கவுன். முதல் டிரைவரை ஏற்றி, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, படத்தைத் திறந்தான்.

கோடுகள் போய்விட்டன. இமைகளுக்கு நடுவே நூலளவு வெள்ளை தெரிந்தது.

அவன் இன்னும் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. வெளிச்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிரைவரை நீக்கிப் பார்த்தான். இமைகள் மூடியிருந்தன. மறுபடி ஏற்றினான். நூலளவு வெள்ளை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாகப் பாராத கண்ணல்லவா அது? பெற்றவன் எப்படி எழுந்து போவான்? இரண்டாவது டிரைவரை ஏற்றினான்.

பாதிக் கண் திறந்திருந்தது. தூங்கி எழும்போது அவள் பார்ப்பாளே, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், அந்தப் பார்வை. இனிகோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பயமும் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

மூன்றாவதை ஏற்றினான்.

கம்ப்யூட்டரின் விசிறி உறுமி அடங்கியது. படம் தானாகவே திறந்தது. ஏஞ்சலின் முழுக் கண்ணால் அவனைப் பார்த்தாள். இமைத்தாள். அவள் உதடு பிதுங்கியது. வாய் திறந்தது. முகம் சிவந்தது. அழுகிறாள். கடையில் ஸ்பீக்கர் கிடையாது. சத்தமே இல்லை. கையை மேலே நீட்டி, தூக்கச் சொல்லி, மூச்சு முட்ட முட்ட அழுதாள்.

"பாப்பா" என்றான். "அப்பா இருக்கேன்டா."

திரைக் கண்ணாடியை வருடினான். விரலில் மின்சாரம் சுரீரென்றது. அவள் அழுகை நிற்கவில்லை. எவ்வளவு நேரம் அழுவாள்? ராத்திரி முழுக்கவா? நாளைக்குமா? அழுகையை நிறுத்த அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. டிரைவரை நீக்கினால் இமைகள் மூடிவிடும். மவுஸை மெல்ல அந்தப் பட்டனுக்குக் கொண்டுபோனான்.

ஷட்டர் கிறீச்சிட்டது. டெய்சி குனிந்து உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அவள் அலறவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி சாகடிக்கப் போறீங்களா?"

"டெய்சி, இது படம். வெறும் படம்டி."

"பசிக்குதுங்க அவளுக்கு."

அப்போதுதான் இனிகோ கவனித்தான். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. முப்பது நாளாகியும் பால் வற்றவில்லை. தினமும் குளியலறையில் பீய்ச்சிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். அவன் தடுப்பதற்குள் முந்தானையை விலக்கி மானிட்டரை இரண்டு கைகளாலும் அணைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கண்ணாடி படபடவென்று பொரிந்தது. பிறகு அடங்கியது.

"குடிக்கிறா" என்றாள் டெய்சி. "என் தங்கம். பாருங்க, குடிக்கிறா."

இனிகோவுக்குக் கை எழவில்லை. மவுஸ் அருகிலேயே இருந்தது. மகளை இரண்டாம் முறை சாகடிக்க அவனால் முடியவில்லை.

கரண்ட் போனது.

யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. பழைய பேட்டரி, சில நிமிடம்கூடத் தாங்காது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். தானாக முடியட்டும். நான் செய்யாமல் முடியட்டும். யுபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அணைந்தது. விசிறி சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்தது.

ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மடக். மடக். பிள்ளை விழுங்குகிற சத்தம்.

"டெய்சி, போதும். விடும்மா."

தோளைத் தொட்டான். சில்லென்றிருந்தது. இழுத்தான். அவள் மார்பு கண்ணாடியை விட்டு வரவில்லை. ஷட்டருக்குக் கீழே வந்த வெளிச்சத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது, கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. இமைகள் சொருகின. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாடி" என்றாள், மூச்சில்லாத குரலில். "அம்மா எங்கயும் போகல."

மடக். மடக்.

கறுத்த கண்ணாடிக்குள், அவள் மார்பின் ஓரத்தில், ஒரு சின்னக் கை விரிந்து மடங்கியது. விரிந்து மடங்கியது.