அந்த முனையைப் பிடிக்கிறவர்

“உள்ள வா கிரேம். சொன்னா கேளு.”

“இன்னும் ரெண்டு ஆணிதான், அடிச்சிட்டு—”

“நேத்தும் இதையேதான் சொன்ன.”

“நேத்து அடிச்சது வேற ஆணி—”

“வேற ஆணியா? அதே பலகை, அதே ஆணி! ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதானே நிக்கிறேன், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“ஈரத்துல மரம் உப்பும், காஞ்சா சுருங்கும். ஆணி மேல வரத்தான் செய்யும். எல்லார் வீட்டு டெக்கும் அப்படித்தான்.”

“எல்லார் வீட்டு ஆணியும் சாயங்காலமானா காளான் மாதிரி முளைக்குதா?”

கிரேம் தூறலில் முழங்கால் போட்டு, கொல்லைப்புற மரத்தளத்தின் கடைசிப் பலகையில் ஆணியை அடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரேவின் சமையலறைக் கதவுக்கு உள்ளேயே நின்றாள். தளத்தில் அவள் கால் வைத்துப் பல நாள் ஆகிறது. துணி காயப்போட வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். அந்தத் தென்கோடி தேசத்தின் ஜூன் மாதக் குளிர், தேநீர் நேரம் கழிந்ததுமே இருட்டிவிட்டது. கதவுக்கு மேலே எரிந்த மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில், கிரேமின் முதுகிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அந்தத் தளத்தை அவர்களே கட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு பால்குளூத்தா ஊரில் எந்த வீட்டுக் கொல்லையிலும் சுத்தியல் சத்தம் கேட்காமல் இருக்காது. ஒருவர் வீட்டு வேலைக்கு இன்னொருவர் போவது, போனவருக்கு பீரும் சாசேஜும் கொடுப்பது, கூலி என்று பேச்செடுத்தால் கோபித்துக்கொள்வது. கிரேமின் கூட்டாளி தமாட்டி வண்டி நிறையப் பலகை ஏற்றிவந்தான். கிரேமின் அக்கா பாவ்லோவா கேக் செய்து கொண்டுவந்தாள். ஆளுக்கொரு சுத்தியல், ஆளுக்கொரு பலகை. கிரேமின் அப்பா கிளாரி மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அவர் சும்மா உட்காரவில்லை. ஆயுசு முழுக்கத் தச்சு வேலை செய்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து, பிழைத்து எழுந்தபோது வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருந்தது. நீளப் பலகையை ஒருவன் தூக்கும்போது மறுபக்கம் நிற்பவன் கேட்பது.

“அந்த முனையை நான் பிடிச்சுக்கட்டுமா?”

பசித்தாலும் அதுதான். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் அதுதான். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண்ணிடமும் அதையே கேட்பார். முதலில் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், அதற்கும் பிறகு யார் காதிலும் விழாமலே போயிற்று.

அன்று எப்படியோ ஒரு சுத்தியலைக் கைப்பற்றி ஒரு ஆணியை அடித்தார். ஆணி வளைந்தது, பலகையில் குழி விழுந்தது. கிரேம் சுத்தியலைப் பிடுங்கினான்.

“புதுப் பலகைப்பா இது! கண்ணு தெரியலைன்னா கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்!”

பிடுங்கியதை, இன்னும் மூடாத சட்டங்களுக்கு நடுவே கீழே எறிந்தான்.

“போங்க, போய் எடுத்துக்கிட்டு அங்கேயே விளையாடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தமாட்டி மட்டும் சிரிக்கவில்லை. “உன்னைப் பெத்தவருடா அவரு,” என்றான்.

“உங்கப்பனா இருந்தா மடியில வெச்சுக் கொஞ்சு, போ.”

அதற்குள் மலைப்பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும் என்று எல்லோரும் வெறி பிடித்தவர்களாக அடித்தார்கள். தளத்துக்கு அடியில், வீட்டை ஒட்டி முழங்கால் உயரம்தான், சரிவு இறங்கும் பக்கத்தில் ஆள் குனிந்து நுழையலாம். அந்தப் பக்கத்தையும் பூனை, முள்ளெலி போகாதபடி மரப்பட்டிகை அடித்து அடைத்தார்கள். ரேவின், மூடி முடித்த பலகைகள் மேல் வைத்த அடுப்புப் பக்கம் திரும்பி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். புகை, எண்ணெய், புது மரத்தூள் வாசனை, காது அடைக்கிற சுத்தியல் சத்தம். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல்.

“அந்த முனையை நான் பிடிச்சுக்கட்டுமா?”

“வேணாம் கிளாரி. உக்காருங்க.”

மறுபடியும் கேட்டது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும்.

“உக்காருங்கன்னு எத்தனை தடவை சொல்றது!”

பிறகு குரல் வரவில்லை. மழை வந்தது.

சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. ஆற்றுப்பக்கம் அவர் நடந்து போனதைப் பார்த்ததாக கிரேம் போலீஸிடம் சொன்னான். பெற்ற மகன் கண்ணால் பார்த்தேன் என்ற பிறகு, வேறு எங்கே தேடுவார்கள்? மழையில் பொங்கிய குளூத்தா ஆற்றில் படகு விட்டுத் தேடினார்கள். கரையோரம் ஊரே நடந்தது. அந்த ஆறு எடுத்ததைத் திருப்பித் தருவது அபூர்வம் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். தமாட்டி கரையில் நின்று தன் முன்னோர் மொழியில் பிரார்த்தனை சொன்னான்.

வாரங்கள் கழித்துத்தான், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில், ரேவினுக்கு அது உறைத்தது. அன்று அந்தக் குரல் முதுகுக்குப் பின்னால் இருந்து மட்டும் வரவில்லை. கீழேயிருந்து வந்தது. கணுக்கால் உயரத்திலிருந்து.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டி மோந்தாள். அழுகல் வாடை இல்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மரத்தூள் வாசனை. இந்த நிமிஷம்தான் யாரோ ரம்பம் போட்டதைப் போல, பச்சையாக, சூடாக. பக்கத்து வீட்டுப் பூனை வேலி வரை வந்து, காதை மடக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று. பிறகு சாயங்காலங்களில் அந்தச் சத்தம் தொடங்கியது: மெல்ல ஒரு தட்டு, பலமாக இரண்டு அடி. மழைநீர்க் குழாய் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆணியை ஒரு தட்டில் நிறுத்தி, இரண்டே அடியில் இறக்குவது கிளாரியின் பழக்கம். கல்யாணமான நாளாக அவள் கேட்ட சத்தம் அது.

இப்போது கதவருகில் நின்று கேட்டாள்.

“கிரேம். நீ நிஜமாவே பாத்தியா?”

“எதை?”

“அவரு ஆத்துப்பக்கம் போனதை.”

சுத்தியல் நின்றது.

“பாத்திருப்பேன்.”

“பாத்திருப்பியா?”

“மழை ரேவின். எல்லாரும் ஓடிக்கிட்டிருந்தாங்க. வேற எங்க போயிருப்பாரு, நீயே சொல்லு!”

“அந்தப் பலகையைக் கழட்டு.”

“முடியாது.”

“ஏன் முடியாது? கீழ ஒண்ணும் இல்லைன்னா கழட்டுறதுக்கு என்ன?”

“இதோ பாரு—”

“நீ தினமும் இங்க மரத்தைச் சரி பண்ணலை. அவர் கீழேருந்து அடிக்கிறாரு, நீ மேலேருந்து அடிக்கிற. பைத்தியக்காரி இல்ல நான்!”

கிரேம் எழுந்தான். மழைநீர் மூக்கு நுனியில் சொட்டியது. சிரிக்கிறான் என்று முதலில் நினைத்தாள்.

“கழட்டினா எனக்கு மட்டும்தான் வினைன்னு நினைக்காதே. அன்னைக்கு நான் உனக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். அவர் கேட்டது எனக்கும் கேட்டுது. நீ சொன்னதும் கேட்டுது. ‘உக்காருங்க’ன்னு கத்தினியே. நல்லா உரக்க.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொன்ன, அவரு உக்காந்துட்டாரு,” என்றான் கிரேம். “சொன்ன பேச்சு கேக்கிற மனுஷன்.”

தட்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

தட். தட்.

கடைசிப் பலகையில் அவன் இப்போதுதான் இறக்கியிருந்த ஆணி, ஈரத்தில் மின்னிக்கொண்டு, நிதானமாக மேலே வந்தது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. வரிசை பிசகாமல். அவசரமே இல்லாமல். வேலை தெரிந்த கை.

“கிரேம், உள்ள வந்துடு.”

அவன் வரவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் சின்னப் பையனுடையதைப் போல் ஆகியிருந்தது. ஆணிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து உருண்டன. மரத்தூள் வாசனை குப்பென்று எழுந்தது.

“விட்டுடலாம் கிரேம். தமாட்டியைக் கூப்பிடுறேன். போலீஸைக் கூப்பிடுறேன். வா.”

“இதை எடுத்துட்டா முடிஞ்சிடும்,” என்றான் அவன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

குனிந்தான். பலகையின் ஒரு முனையில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினான்.

நீளமான பலகை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தரையில் இடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை. அதுவும் எழுந்தது.

கூடவே. அதே உயரத்துக்கு. மட்டம் பிசகாமல்.

மஞ்சள் வெளிச்சம் மறுமுனை வரை போகவில்லை. போகாமல் இருந்திருக்கலாம், கொஞ்சம் போயிற்று. பலகை விளிம்பில் விரல்கள். தோல் சுருங்கி, மரத்தூள் அப்பி. கட்டைவிரலில், எந்தக் காலத்திலோ சுத்தியல் பட்டுக் கறுத்துப்போன நகம். அந்த விரல்களுக்குப் பின்னால், தளம் இருக்க வேண்டிய இடத்தில், இருட்டு மட்டும்.

“போட்டுடு!”

“முடியலை.”

“கையை எடு கிரேம்!”

“எடுக்க முடியலை ரேவின்.”

பலகை ஆடவில்லை. காத்திருந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று முன்னால் நிற்பவன் சொல்லட்டும் என, பின்னால் பிடித்திருப்பவன் பொறுமையாக நிற்பானே, அப்படி.

ரேவின் ஓடிப்போய் அவனை இழுக்கக் காலை எடுத்தாள். வெறும் கால். பலகை ஜில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, கதவைத் தாண்டி வந்து தளத்தின் மேல் நிற்கிறாள் என்று.

குரல் அந்த முனையிலிருந்து வரவில்லை. அவள் கணுக்காலுக்கு நேர் கீழே, பலகை இடுக்கிலிருந்து, ரொம்பப் பணிவாக வந்தது.

“அந்த முனையை நான் பிடிச்சுக்கட்டுமா?”