இதுதான் சரியான படம்

"என் மெஷின்கிட்ட ஒரு படத்தைக் காட்டி, இதுதான் சரின்னு சொல்லிட்டா போதும். உலகத்தையே அதுக்கேத்த மாதிரி மாத்திடும்!" என்று புளுகு மாமா மேசையைத் தட்டினார்.

"போன வாரம் நிலாவை ரெண்டு இஞ்ச் நகர்த்துச்சுன்னு சொன்னீங்களே, அதே மெஷினா?" என்றாள் அவள். எதையும் நம்பாததால் ஆபீஸில் அவளுக்குச் சந்தேகம்மா என்று பெயர்.

"ரெண்டு இல்லம்மா, ரெண்டரை" என்றபடி மாமா டீக்குக் கிளம்பினார்.

சன்னல் இல்லாத அந்த அறையில் அவளும், அலமாரி நிறையச் சோதனைக்கு வந்த டிவி செட்டாப் பாக்ஸ்களும், அவற்றின் திரைகளும்தான். ரிமோட்டை அழுத்துவது போல மெஷின் நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டளை அனுப்பும். திரையில் வருவதைச் சரியான படத்தோடு ஒப்பிடும். பொருந்தினால் பச்சை. இல்லையென்றால், வேறுபடும் இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டுவிட்டு, பொருந்தும்வரை விடாமல் முயலும்.

புது மெனுவுக்கான படத்தைக் காலையில் சேர்த்தது அவள்தான். அவசரத்தில், கறுப்பாகக் கிடந்த ஒன்றைத் திறந்துகூடப் பார்க்காமல் 'இதுதான் சரி' என்று அழுத்திவிட்டாள். ஊரில் எதையும் நம்பாதவள் அதை மட்டும் நம்பிவிட்டாள்.

இப்போது எல்லாப் பெட்டியிலும் சிவப்பு.

விசிறிகளின் ஓயாத இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மூச்சை அடைக்க, அந்தப் படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். இதே அறை. நாற்காலியில் அவளுடைய முதுகு. இடது தோளில் மணிக்கட்டு இல்லாதது போல நீண்ட ஒரு கை. அதன் சொந்தக்காரரைப் பார்க்க அவள் தலையைத் திருப்பியிருந்தாள்.

அந்த அறையில் கேமராவே கிடையாது.

போனை எடுத்தாள். "மாமா, விளையாடாதீங்க. என்ன படத்தைப் போட்டு வச்சிருக்கீங்க?"

"நானா? டீயே இன்னும் கைக்கு வரலம்மா!"

மெஷின் மறுபடி முயன்றது. மெனுக்கள் மறைந்தன. எல்லாத் திரையிலும் அவள் முதுகு. பின்னால் கதவு. லேசாகத் திறந்திருந்தது.

மறுபடி. கதவு முழுக்கத் திறந்திருந்தது.

மறுபடி. வாசலில் ஏதோ குனிந்து நுழைந்தது.

பாய்ந்து எழுந்து மெஷினின் கேபிளைப் பிடுங்கினாள். மெஷின் காலி நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டது.

கேபிள் அவள் கையில் இருந்தது. முயற்சி நிற்கவில்லை.

கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தோளில் ஈரம். ஒரு விரல். இன்னொன்று.

பச்சை. பச்சை. கட்டம் கட்டமாகப் பச்சை.

எல்லாத் திரையிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு. அவள் தலையைச் சுற்றி.

துண்டிக்காமல் மேசையில் கிடந்த போனில் மாமா சிரித்தார். "என்ன சந்தேகம்மா, சத்தத்தையே காணோம்? என் மெஷினை இப்பவாவது ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கறேன் மாமா" என்றாள் அவள். கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே நடந்துடுச்சு."