வெறுநாக்குப் பேச்சு

அன்று கடல்பாசிக் கொட்டகையில் இருந்தவர்கள்: சங்கத் தலைவி ராக்கம்மாள், காணொளித் திரைக்கு நேர் எதிரே, மடக்கு நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் சாகுல் பாய். ஒரு காலத்தில் சென்னையில் கால் சென்டரில் இங்கிலீஷ் பேசியே சம்பளம் வாங்கியவர். இடப்பக்கம் கயிற்றுச் சுருள்மேல் பிலோமினா. செயலாளராகிய நான், சண்முகராசு, மேசை ஓரத்தில் தாளும் பேனாவுமாக. மற்றப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு தரையில்.

பிலோமினா காதிலிருந்த மொழிமாற்றுச் செவிமணியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். நாங்களும் கழற்றினோம். காது லேசானது.

"ஹவ் டூ யூ டூ, நைஸ் டு மீட் யூ, லெட் அஸ் பிகின்," என்று ராக்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மூணையும் ஒரே மூச்சுல விட்டுறாதக்கா. நடுவுல அந்தாளும் பேசணும்ல," என்றாள் பிலோமினா.

"எனக்குத் தெரியும்டி. பாய், கொட்டேஷன்னா விலை. இன்வாய்ஸ்னா?"

"அனுப்புன சரக்குக்கு பில்லு."

"டெலிவரி?"

"அது எனக்கு ரெண்டு ஆயிருக்கு," என்று வாசலிலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. ராக்கம்மாளும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அப்போது தேவையாகத்தான் இருந்தது.

இங்கிலீஷ் தெரியாமல் போனது எங்கள் குற்றமில்லை. செவிமணி வந்த பிறகு எந்த நாட்டான் எந்த மொழியில் பேசினாலும் எங்கள் காதில் தமிழாகத்தான் விழும். நடுவில் நின்று மொழி மாற்றும் இயந்திரத்துக்கு இடைநாக்கு என்று பெயர். பள்ளிகள் இங்கிலீஷை விட்டுவிட்டன. நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் அந்தப் பாடத்தைக் கடைசியாகப் படித்த வகுப்பு என்னுடையது.

இடைநாக்குக்கு ஒரு சட்டமும் உண்டு. வியாபாரிகளின் வாய்ச்சண்டை நாடுகளின் சண்டையாக முற்றிய காலத்துக்குப் பின் எழுதியது. எல்லை தாண்டும் எந்தச் சொல்லும் கேட்பவர் மனத்தைப் புண்படுத்தக் கூடாது. இதற்கு நோகாமை விதி என்று பெயர். ஆகவே வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் இனிப்பான பேச்சுதான்.

எங்கள் கடல்பாசியை வாங்கி ரொட்டி சுற்றும் தாள் செய்பவர், டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக். ஆண்டுதோறும் அவரிடமிருந்து ஒரு வரி தவறாமல் வரும்: 'உங்கள் பாசியில் கடலின் நினைவு நீங்காமல் நிற்கிறது.' பெருமை தாங்காமல் அதைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தோம். ஆர்டரோ வருடத்துக்கு வருடம் சுருங்கியது. இந்த வருடம் வரவே இல்லை. காரணம் கேட்டால் இன்னும் இனிப்பாகப் பதில். ஆர்டர் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். பெண்கள் எல்லாரும் தூரத்து இறால் கம்பெனிக்குப் போக வேண்டும்.

அப்போதுதான் சட்டத்தில் புதிதாக ஒரு வாசல் திறந்தது. இரு தரப்பும் சம்மதித்தால், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் பொதுமொழியான இங்கிலீஷில் நேராகப் பேசலாம். வெறுநாக்குப் பேச்சு. கேட்டோம், ஹென்ரிக் சம்மதித்தார். சாகுல் பாய் பரணிலிருந்து பழைய வாக்கியப் புத்தகத்தை இறக்கினார். கயிற்றில் பாசி கட்டும்போது முடிச்சுக்கு ஒரு சொல் என்று படித்தோம். கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று 'தேங்க் யூ ஃபார் யுவர் டைம்' என்று பெண்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டார்கள்.

திரை வெளுத்தது. ஹென்ரிக்கின் சிவந்த முகம், கையில் ஒரு தாள். அவரும் எழுதிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"குட் மார்னிங். ஐ ஆம் வெரி நெர்வஸ்."

"மீ டூ," என்றார் ராக்கம்மாள். அது புத்தகத்தில் இல்லாதது, தானாக வந்தது. அங்கே அவர் சிரித்தார், இங்கே வாசல் சிரித்தது.

காரணம் கேட்பதற்கென்று நீளமான மரியாதை வாக்கியம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். தாளை நகர்த்தினேன். ராக்கம்மாள் அதைத் தள்ளிவிட்டார்.

"மிஸ்டர் ஹென்ரிக். வொய் நோ ஆர்டர்?"

ஹென்ரிக் தன் பக்கத்தில் யாரையோ தேடுவதுபோல் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"இட் ஸ்மெல்ஸ்," என்றார் மெல்ல. "யுவர் சீவீட் ஸ்மெல்ஸ் ஆஃப் ஃபிஷ். த பிரெட் ஸ்மெல்ஸ் ஆஃப் ஃபிஷ். ஐ டோல்ட் யூ. எவ்ரி இயர்."

"நாறுதாம்க்கா," என்றாள் பிலோமினா. "ரொட்டி மீன் நாத்தம் அடிக்குதாம். வருசாவருசம் சொல்லியிருக்காராம்."

எல்லாத் தலைகளும் சுவரில் இருந்த எழுத்துப் பக்கம் திரும்பின. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவர் கடல்களுக்கு அப்பாலிருந்து எங்கள் முகத்துக்கு நேராகக் குறை சொல்லிவிட்டார். இயந்திரம் இல்லாமலே அது எங்களுக்குப் புரிந்தும்விட்டது.

பிறகு எல்லாரும் ராக்கம்மாளைப் பார்த்தோம். பாசி காயும் பந்தலுக்குக் காற்று வரும் திசையில் இருந்தது அவருடைய சொந்தக் கருவாட்டுக் களம். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்த களம்.

"பாய், தள்ளி வைக்கிறேன்னு எப்படிச் சொல்ல?"

"வீ வில் டேக் த நெசசரி ஸ்டெப்ஸ்னு..."

"அப்படி இல்ல பாய். என் கருவாட்டை. நானு."

"மூவ்," என்றார் பாய்.

ராக்கம்மாள் திரையைப் பார்த்தார். "மை ஃபிஷ் இஸ் நியர். ஐ வில் மூவ் மை ஃபிஷ்."

ஹென்ரிக் தாளைக் கீழே வைத்தார். "ஸெண்ட் எ சாம்பிள். நோ ஸ்மெல், ஐ பை. ஸ்மெல், தென் நோ. ஐ ஆம் சாரி. நோ."

திரை அணைந்தது.

"நோங்கிறானேக்கா," என்றாள் பிலோமினா, கண்ணெல்லாம் மின்ன. "மூஞ்சிக்கு நேரா நோங்கிறான். அப்ப அவன் வாங்குறேன்னு சொன்னா அதுவும் நெசந்தான்."

"களத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"வடக்க முள்ளுக்காட்டை வெட்டணும். அங்க காத்து பத்தாது, மீனு காய நாளாகும், பாதி கெட்டும் போகும்." ராக்கம்மாள் நாற்காலியை மடக்கினார். "சொல்லியாச்சு ராசு. என் வாயால சொல்லியாச்சு."

களம் வடக்கே போனது. புதிதாகக் காய்ந்த பாசியில் ஒரு பொட்டலம் கட்டி ஆளுக்கு ஆள் கொடுத்து முகர்ந்தோம். ஒன்றும் தெரியவில்லை. "முன்னாடியும் நமக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் ராக்கம்மாள்.

வெறுநாக்குப் பேச்சைத் தொடரும் கடிதத்தைக் கையால்தான் எழுத வேண்டும். நான் முறைப்படி எழுதி, முடிவில் 'டூ நாட் ஹெசிடேட் டு காண்டாக்ட் அஸ்' என்று போட்டிருந்தேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் ராக்கம்மாள்.

"தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்னு."

"அத அடிச்சிரு. நான் சொல்றத எழுது."

அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். ஒரு சொல்லுக்கும் பாயைக் கேட்கவில்லை. 'அவர் நோஸ் கனாட் டெல். யுவர் நோஸ் மஸ்ட் டெல். டெல் அஸ் த சேம் டே.' எங்கள் மூக்குக்குத் தெரியாது, உங்கள் மூக்குதான் சொல்ல வேண்டும், அன்றைக்கே சொல்லுங்கள் என்று.

எழுதி, பாசிப் பொட்டலத்தோடு உறையில் இட்டு, அரக்கு உருக்கினேன். ராக்கம்மாள் கட்டைவிரலை அழுத்தினார். அஞ்சல் நிலையப் பெட்டி, 'மென்மையாக்கவா?' என்று கேட்டது. அவர் 'வேண்டாம்' என்ற பொத்தானைத் தட்டினார். உறை உள்ளே போயிற்று.